பூனையின் விலை

பூனை வளர்க்க விரும்புவோர் அதைக் கடையில் வாங்குவதா, காப்பகத்திலிருந்து தத்தெடுப்பதா என்னும் வினாவுக்கு நம் ஃபிக்ஹு மரபிலும் இடமுண்டு.

நாய், பூனை ஆகியவற்றின் விலையை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஆயினும் நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் வளர்ப்புப் பூனையை விற்பது கூடும் என்றே கொண்டனர். ஹிஜ்ரீ 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இந்நபிமொழிக்கு இரு விளக்கங்கள் தருகிறார்கள். அது பயனற்ற பூனையைக் குறிக்கலாம். அல்லது, மக்கள் பூனையை அன்பளிப்பாகவும் இரவலாகவும் வழங்கிப் பழகவேண்டும் என்பதற்காக வந்த, ஹராம் என்னும் அளவை எட்டாத விலக்கலாக இருக்கலாம்.

இரண்டாம் விளக்கமே இங்கு நம் சிந்தனைக்குரியது. வாங்குவது பாவமன்று, விலையின்றிப் பெறுவது மேலானது. காப்பகங்கள் பொதுவாகப் பெறும் கட்டணம் தடுப்பூசி, கருத்தடை முதலிய செலவுகளுக்கானது. கடையில் ஒரு குட்டி விற்றால், அடுத்ததை ஈனச்செய்யத் தூண்டுதல் பிறக்கிறது. காப்பகத்தில் ஒரு கூண்டு காலியானால், கைவிடப்பட்ட மற்றொன்றுக்கு இடம் கிடைக்கிறது. பிரான்சு நாடு 2024 முதல் கடைகளில் நாய், பூனை விற்பதையே தடைசெய்துள்ளது.

எவ்வழியில் பெறினும் பொறுப்பு ஒன்றே. பூனையை அடைத்துவைத்து வேதனைக்குள்ளான பெண்ணைப் பற்றிய நபிமொழி, அவள் அதை எவ்வாறு பெற்றாள் என்று கூறவில்லை. உணவளிக்கவுமில்லை, இரைதேட விடவுமில்லை என்றே கூறுகிறது.