சொல் மயக்கம்

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் பிழைபடப் பேசுங்கால் நகைப்பவர் பலர்; அப்பிழை எங்கிருந்து பிறந்ததென ஆராய்பவர் சிலர். கிராமப் பள்ளிகளில் தமிழிலேயே பாடங் கற்றுக் கல்லூரி புகும் மாணவர் சிலர், ஒருமுறை நகைக்கப்பட்டபின் ஆண்டு முழுதும் வாய் திறவாதிருத்தலை நாம் கண்டிருக்கிறோம். அவர் பொருட்டே இதனை எழுதப் புகுந்தோம். இப்பிழைகளிற் பல அறியாமையால் வந்தனவல்ல. தாய்மொழியை நன்கறிந்தமையால் வந்தனவே என்பது நம் கருத்து.

ஒவ்வொரு மொழியும் பொருள்களையும் செயல்களையும் தனக்கேற்றவாறு கூறுபடுத்திப் பெயரிடுகின்றது. ஒரு மொழி ஒரு சொல்லாற் குறிப்பதை மற்றொன்று மூன்று சொற்களாற் குறிக்கும். மயக்கம் பிறக்குமிடம் இதுவே.

'கேள்' என்னும் வினையை நோக்குவோம். நண்பனிடம் பேனா கேட்டோம், இடியோசை கேட்டோம், சொற்பொழிவு கேட்டோம். இவற்றை ஆங்கிலம் முறையே 'ஆஸ்க்', 'ஹியர்', 'லிஸன்' எனப் பிரிக்கும். பின்னிரண்டுமே மாணவரை மயக்குவன. ஓசை தானே வந்து செவியில் விழுதல் 'ஹியர்'. மனத்தைச் செலுத்திச் செவி சாய்த்தல் 'லிஸன்'. வகுப்பில் உறங்காதிருப்போர் யாவரும் முன்னதைச் செய்வர். பின்னதைச் செய்வோர் எத்துணையர் என்பதை ஆசிரியரே அறிவர்! 'பார்' என்பதும் இத்தகையதே. கண்ணிற் படுதல் 'ஸீ'; கண்ணைத் திருப்பி நோக்குதல் 'லுக்'; நிகழ்வதைத் தொடர்ந்து கவனித்தல் 'வாட்ச்'.

கடன் வாங்குதற்கும் கொடுத்தற்கும் நமக்குக் 'கடன்' என்னும் ஒரு பெயரே போதும். ஆங்கிலமோ பெறுவோன் செயலைப் 'பாரோ' என்றும், தருவோன் செயலை 'லெண்ட்' என்றும் வேறுபடுத்தும். 'உம் புத்தகத்தை எனக்குப் பாரோ செய்யும்' என மாணவன் கேட்பது இவ்வேறுபாட்டை அறியாமையாலாம். எனினும் இத்தகைய நுட்பம் நமக்குப் புதிதன்று. ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள், தாழ்ந்தோன் இரக்குஞ் சொல் எது, ஒத்தோன் கேட்குஞ் சொல் எது, உயர்ந்தோன் கூறுஞ் சொல் எது எனத் தொல்காப்பியர் வரையறுத்துள்ளார் அன்றோ?

இனி, 'ஐயம்' என்பது. வகுப்பில் மாணவன் எழுந்து, 'எனக்கு ஒரு டவுட்' என்கிறான். ஐயங் கேட்டறிதல் தமிழ் மரபில் மாணாக்கனுக்கு அழகு. ஆங்கிலேயர் செவிக்கோ, ஆசிரியர் கூற்றை அவன் நம்பவில்லை என்பதுபோல் அது ஒலித்தல் கூடும். அவன் கருதியது வினா. ஆதலின் 'கொஸ்சன்' என்பதே ஏற்ற சொல்.

எல்லாவற்றினும் ஆபத்தான மயக்கம் 'எஸ்', 'நோ' என்னும் சிறு சொற்களில் உள்ளது. 'நீ அங்கே போகவில்லையா?' என வினவினால், போகாத தமிழன், 'ஆம், போகவில்லை' என்பான். வினவியவர் கூற்றை அவன் உடன்படுகிறான். ஆங்கிலத்திலோ போகாதவன் 'நோ' என்றே கூறல் வேண்டும். 'எஸ்' என்றால் போனான் என்பதே பொருள். வகுப்பறையில் இது நகைப்போடு முடியும். நீதிமன்றத்தில் சாட்சி கூறிய 'ஆம்' என்பதை மொழிபெயர்ப்போர் 'எஸ்' என்று மட்டும் பெயர்த்தால், குற்றமற்றவன் குற்றவாளியாதலும் கூடும்.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. தமிழ் கற்க வந்த ஐரோப்பிய மிஷனரிமார்க்கும் இஃது உண்டு. அவர் மொழியில் 'வீ' என்னும் ஒரு சொல்லே உள்ள இடத்தில், நமக்கு 'நாம்', 'நாங்கள்' என இரண்டு உள்ளன. சபையாரை நோக்கிப் போதகர் 'நாம் பாவிகள்' எனலாம். கடவுளை நோக்கி ஜெபிக்குங்கால் 'நாங்கள் பாவிகள்' என்றே கூறல் வேண்டும். மாறிக் கூறின் கடவுளையும் பாவிகளோடு சேர்த்ததாக முடியும்! அவ்வாறு ஒருவர் தவறினால் நாம் அவரை அறிவிலி என்போமா? அன்போடு திருத்துவோம். அவ்வன்பை நம் மாணவர்க்கும் காட்டுதல் முறையன்றோ?

1856ஆம் ஆண்டில் சென்னையில் நார்மல் பள்ளியாகத் தோன்றிய ஆசிரியர் கல்லூரி பின்னர்ச் சைதாப்பேட்டையில் நிலைபெற்றது. பின்னாளில் குடியரசுத் தலைவராய் விளங்கிய இராதாகிருஷ்ணனும் 1910இல் அங்கே ஆசிரியப் பயிற்சி பெற்றார். தத்துவம் கற்றுத் தேர்ந்த அவரும் கற்பிக்கும் முறையைத் தனியே பயில வேண்டியிருந்தது. ஒன்றை அறிதல் வேறு, பிறர்க்கு அறிவித்தல் வேறு. ஆங்கிலம் கற்பிப்போர்க்கு ஆங்கிலப் புலமை மட்டும் போதாது. மாணவனின் தாய்மொழி அச்சொற்பொருளை எவ்வாறு வகுத்துள்ளது என்பதும் தெரிதல் வேண்டும்.

மாணவர்க்கு நாம் கூறுவது ஒன்றே. புதிய ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்லை எதிரே எழுதி மனப்பாடஞ் செய்தலை விடுக. அச்சொல்லை வைத்து இரண்டு வாக்கியங்கள் எழுதுக. அதனோடு மயங்கும் சொல்லை வைத்தும் இரண்டு எழுதுக. நாடோறும் ஓர் இணையாக இங்ஙனம் பழகின், ஆண்டிறுதியில் மயக்கம் பெரிதும் நீங்கும். பிழை நேரினும் அஞ்சற்க. வாய் திறந்து பேசுவோர்க்கே திருத்தம் கிட்டும்.