ஹெலிக்கோபாக்டர் அசினோனிக்கிஸ்

ஹெலிக்கோபாக்டர் அசினோனிக்கிஸ் என்பது சிவிங்கிப்புலி, சிங்கம், புலி போன்ற பெரும்பூனைகளின் இரைப்பையில் வாழும் பாக்டீரியா இனமாகும். மனித இரைப்பையில் புண்ணையும் புற்றுநோயையும் உண்டாக்கக்கூடிய ஹெலிக்கோபாக்டர் பைலோரியே இதன் மிக நெருங்கிய உறவினம். ஒரு பாக்டீரியா புதிய விலங்குக்குத் தாவும்போது அதன் மரபணுக்களில் என்ன நிகழ்கிறது என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

தாவிய திசை

மனிதரிடமிருந்து பூனைக்குச் சென்றதா, பூனையிடமிருந்து மனிதருக்கு வந்ததா? 2006-இல் இதன் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டபோது விடை கிடைத்தது. பைலோரியில் முழுமையாக உள்ள பல மரபணுக்கள் இதில் துண்டு துண்டாக உடைந்துள்ளன. முழு மரபணு உடைவது எளிது. உடைந்த பல மரபணுக்கள் ஒவ்வொன்றாகத் தாமே சீரடைவது நடக்காத காரியம். ஆகவே தாவல் மனிதரிடமிருந்து பூனைக்கே நிகழ்ந்திருக்க வேண்டும். பெரும்பூனை ஒன்று மனிதரைத் தின்றதால் இது தொற்றியிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். காலம் சுமார் 2 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் என முதலில் மதிப்பிடப்பட்டது. 2012-இல் வெளியான கணக்கீடு அதை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் என்று குறைத்தது. தென்னாப்பிரிக்கப் பகுதியின் சான் மக்களிடம் காணப்படும் பைலோரி வகையே இதற்கு மிக நெருக்கமானது.

இழந்தவையும் பெற்றவையும்

உடைந்தவற்றுள் செல்லின் வெளிச்சவ்வுப் புரதங்களுக்கான மரபணுக்கள் பல உள்ளன. இரைப்பைச் சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஓம்புயிர் மாறினால் ஒட்டும் இடமும் மாறும். பழைய கொக்கி பயனற்றதாகும், சிலவேளை நோயெதிர்ப்பு மண்டலத்துக்குக் காட்டியும் கொடுக்கும். மனித உயிரணுக்களில் குமிழிகளை உண்டாக்கும் நச்சுப்புரதத்தின் மரபணுவும் சிதைந்துள்ளது.

மறுபுறம், சயாலிக் அமிலத்தைத் தன் மேற்பரப்பில் சேர்க்கும் மரபணுக்களை இது வேறு பாக்டீரியாக்களிடமிருந்து பெற்றுள்ளது. பாலூட்டிகளின் உயிரணுக்களிலும் இருக்கும் சர்க்கரை அது. அதனைப் போர்த்திக்கொண்ட பாக்டீரியாவை உடல் அயலான் என எளிதில் அறியாது.

இரைப்பை அமிலத்தைத் தாங்க இவ்வினங்களுக்கு யூரியேசு நொதி இன்றியமையாதது. அது யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கி, சுற்றியுள்ள அமிலத்தைத் தணிக்கிறது. பைலோரியின் யூரியேசுக்கு நிக்கல் வேண்டும். நிக்கல் தாவர உணவில் மிகுதி, இறைச்சியில் குறைவு. பெரும்பூனை இனத்திலும், பூனை, நாய்களில் வாழும் ஹெலிக்கோபாக்டர் ஃபெலிசிலும், ஃபெரெட்டில் வாழும் ஹெலிக்கோபாக்டர் முஸ்டெலேயிலும் இரண்டாவது யூரியேசு ஒன்று உண்டு. முஸ்டெலேயின் நொதியை ஆராய்ந்தபோது அது இரும்பால் இயங்குவது கண்டறியப்பட்டது. ஊனுண்ணியின் வயிற்றில் இரும்புக்குப் பஞ்சமில்லை.

மனிதருக்குள்ளேயே தகவமைப்பு

இத்தகைய மாற்றத்துக்கு வேறு விலங்கு தேவை என்பதில்லை. பைலோரியின் 'பாப்ஏ' எனும் ஒட்டுப்புரதம் குருதிவகைச் சர்க்கரைகளைப் பற்றிக்கொள்கிறது. பெரும்பாலும் 'ஓ' வகைக் குருதி கொண்ட தென் அமெரிக்கப் பழங்குடியினரிடம் உள்ள பைலோரிகளில் பல, அவ்வகைச் சர்க்கரையை மட்டுமே நன்கு பற்றுகின்றன. மற்ற இடங்களின் பைலோரிகள் பொதுவாக 'ஏ' வகையையும் பற்றும்.

சிவிங்கிப்புலிகளில் நோய்

அடைத்து வளர்க்கப்படும் சிவிங்கிப்புலிகளுக்கு நாட்பட்ட இரைப்பை அழற்சி பெரும் சிக்கலாக உள்ளது. வாந்தி, உடல் மெலிவு ஆகியவை இதன் அறிகுறிகள். எனினும் காட்டில் வாழும் சிவிங்கிப்புலிகளின் இரைப்பையிலும் ஹெலிக்கோபாக்டர்கள் உள்ளன. அவற்றுக்குக் கடும் அழற்சி அரிது. அடைபட்ட வாழ்வின் மனஅழுத்தம் விலங்கின் எதிர்ப்புச் செயலை மாற்றுவதே இவ்வேறுபாட்டுக்குக் காரணமாகக் கருதப்படுகிறது.