முதுமை தடுப்பு: மருந்துக்குத் தடை, முகப்பூச்சுக்கு வழி

புதுதில்லி: அகாலத்தில் மூப்பு தோன்றுவதைத் தடுப்பதாகவோ, இளமையை மீட்பதாகவோ இந்தியாவில் எந்த மருந்தும் கூறிக்கொள்ள முடியாது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை அதற்குத் தடை விதித்துள்ளது. ஆனால், வைட்டமின் 'ஈ' சேர்த்த முகப்பூச்சுகள் முதுமையைத் தடுக்கும் என்ற விளம்பரத்துடனேயே கடைக்கு வருகின்றன. தோற்றத்தை மாற்றுவதற்காகப் பூசப்படுவது 1940-ஆம் ஆண்டுச் சட்டப்படி அழகுசாதனம். மருந்துக்கான அந்தத் தடை அதைத் தொடுவதில்லை.

வைட்டமின் 'ஈ' வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடவும் முடியாது. 2005-இல் வெளியான அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வில், வைட்டமின் 'சி', ஃபெரூலிக் அமிலம் ஆகியவற்றுடன் சேர்த்துப் பூசியபோது, வெயிலிலிருந்து தோலுக்குக் கிடைத்த பாதுகாப்பு கூடியது. சோதிக்கப்பட்டதோ பன்றித் தோல். விழுந்த சுருக்கத்தை நீக்குவது பற்றிய ஆய்வும் அல்ல அது. 1999-இல் மயாமி பல்கலைக்கழகத்தினர் அறுவைத் தழும்புகளில் வைட்டமின் 'ஈ'யைப் பூசிப் பார்த்தனர். பெரும்பாலோருக்குப் பலன் இல்லை; மூவரில் ஒருவருக்குத் தோல் அழற்சி கண்டது.

டப்பாவில் எவ்வளவு வைட்டமின் உள்ளது? நுகர்வோர் முதலில் கேட்க வேண்டிய இக்கேள்விக்கு உறையில் பெரும்பாலும் விடை இராது. ஒரு சதவீதத்துக்கு மிகாத சேர்மானங்களைப் பட்டியலின் இறுதியில் எந்த வரிசையிலும் அச்சிடலாம் என்கின்றன 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள். துளியளவே இருந்தாலும் அவற்றுள் முதலில் நிற்கலாம்.

1954-ஆம் ஆண்டின் ஆட்சேபகர விளம்பரத் தடைச் சட்டத்தைத் திருத்த மத்திய சுகாதார அமைச்சகம் 2020 பிப்ரவரியில் வரைவு வெளியிட்டு, மக்களின் கருத்தைக் கேட்டது. சிவப்பழகு, அகால மூப்பு ஆகியவையும் அதன் பட்டியலில் இருந்தன. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, ரூ.10 லட்சம் வரை அபராதம். 2024 முடியும் வரை அந்த வரைவு மசோதாவாக அவைக்கு வரவில்லை.