கோபுர வாசலில் ஒருவர்

வெள்ளிக்கிழமை மாலை. சாயரட்சை தீபாராதனை முடிந்து, நெற்றியில் திருநீறும் கையில் பிரசாதமுமாக அன்பர்கள் வெளியே வருகின்றனர். ராஜகோபுரத்தை ஒட்டிய மண்டபத் தூணருகே ஒருவர் அமர்ந்திருக்கிறார். சடை பிடித்த தலை. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று சட்டைகள். பக்கத்தில் ஒரு கந்தல் மூட்டை. அவர் எவரிடமும் கை நீட்டுவதில்லை. தமக்குள்ளே ஏதோ பேசிக்கொள்கிறார். சில வேளை சிரிக்கிறார். இரக்கமுள்ள ஒருவர் புளியோதரைப் பொட்டலத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு நகர்கிறார். குழந்தையின் கையைப் பற்றி வரும் தாய் விலகி நடக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் அங்கேயே இருக்கிறார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும்.

தமிழகத்தின் பல திருத்தலங்களில் காணக்கூடிய காட்சி இது. பொட்டலம் வைத்தவரின் கருணையில் குறையேதும் இல்லை. பசியாற்றுவதே முதல் அறம். எனினும், ஆண்டுக்கணக்கில் அன்னதானம் பெற்றும் அவர் நிலை ஏன் மாறவில்லை என்பது சிந்திக்க வேண்டிய கேள்வி.

இளையான்குடி மாற நாயனாரின் வரலாறு இதற்கு ஒரு குறிப்புத் தருகிறது. கொட்டும் மழையில் நள்ளிரவில் வந்த அடியவருக்காக, விதைத்த நெல்லையே வாரி வந்து அமுது சமைத்தார் அவர் என்பதை அனைவரும் அறிவோம். ஆனால் அமுதுக்கு முன்பே அவர் செய்தது ஒன்று உண்டு. வந்தவரை வீட்டுக்குள் அழைத்து, நனைந்த மேனியின் ஈரத்தைப் போக்கி, அமர இடம் தந்தார். வந்தவருக்கு அப்போது எது தேவை என்று பார்த்துச் செய்த தொண்டு அது. கோபுர வாசலில் இருப்பவருக்கும் உணவோடு வேறொன்று தேவைப்படுகிறது. அதன் பெயர் சிகிச்சை.

சித்தரா, நோயாளியா?

சைவ மரபில் ‘பித்தன்’ என்பது இறைவனுக்கே உரிய திருநாமம். புத்தூரில் திருமணப் பந்தலில் நின்ற சுந்தரரை, பாட்டனார் எழுதித் தந்த ஆளோலையைக் காட்டித் தடுத்தார் முதியவர் ஒருவர். அவரைப் பித்தன் என்று ஏசினார் சுந்தரர். திருவெண்ணெய்நல்லூரில் அம்முதியவர் சிவபெருமானே என்று தெளிந்தபின், அந்த வசைச் சொல்லையே முதற்சொல்லாக்கிப் பாடும்படி பணித்தார் பெருமான். திருவண்ணாமலையில் வாழ்ந்த சேஷாத்திரி சுவாமிகளைக் கண்ட பலரும் முதலில் அவரைப் பித்தர் என்றே எண்ணினர்.

இத்தகைய வரலாறுகளைக் கேட்டு வளர்ந்த உள்ளம், சடைமுடியோடு திரிபவரைக் கண்டதும் கைகூப்புவது இயல்பு. சிலர் அவர் வாயிலிருந்து வரும் சொல்லை அருள்வாக்காகக் கொள்கின்றனர்; சிலர் அஞ்சி ஒதுங்குகின்றனர். பக்தியும் அச்சமும் எதிரெதிரானவை என்றாலும், இங்கே இரண்டின் விளைவும் ஒன்றே: நோயுற்ற ஒருவர் நோயோடு வீதியிலேயே விடப்படுகிறார்.

துறவி தாமே விரும்பி வீட்டைத் துறந்தவர். மனநோயால் வீதிக்கு வந்தவர் அப்படி எதையும் தேர்ந்தெடுத்தவர் அல்லர். காலில் சீழ் பிடித்த புண், உண்ணவும் மறந்த உடல், இல்லாத குரலுக்கு அஞ்சி நடுங்கும் கண்கள் ஆகியவை ஞானத்தின் அடையாளங்கள் அல்ல. அவர் யார் என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பு நமக்கு இல்லை. புண்ணுக்கு மருந்திட வேண்டும் என்பது மட்டும் உறுதி. ஒருவேளை அவர் மகானாகவே இருந்தாலும் அது அடியார் தொண்டே ஆகும்.

வீதிக்கு வந்த வழி

மனச்சிதைவு என்னும் நோய் பெரும்பாலும் இளமையில் தொடங்குகிறது. பிறர் கேளாத குரல்கள் காதில் ஒலிக்கும். பெற்றவர்களே நஞ்சிடுகிறார்கள் என்ற ஐயம் எழும். அந்த அச்சத்தில் வீட்டை விட்டுக் கிளம்புபவர் ஏதோ ஒரு ரயிலில் ஏறி, மொழி தெரியாத ஊரில் இறங்குகிறார். தம் ஊரைச் சொல்ல அவரால் இயலாது. சொன்னாலும் கேட்பவருக்குப் புரியாது. இப்படித் தமிழகக் கோயில் வாசலில் இந்தி பேசும் தாயும், வடநாட்டு ரயில் நிலையத்தில் தமிழ் பேசும் மகனும் அமர்ந்திருக்கின்றனர். இது முற்பிறவியின் சாபம் அன்று. மருத்துவம் அறிந்த நோய். தொடர்ந்து மருந்து உட்கொண்டால் பலர் பெரிதும் தேறி வாழ்கின்றனர்.

மும்பையைச் சேர்ந்த மனநல மருத்துவர் பரத் வாட்வானியும் அவர் மனைவி ஸ்மிதாவும் ஒருநாள் உணவகத்தில் அமர்ந்திருந்தபோது, வீதியில் இளைஞர் ஒருவர் தேங்காய்ச் சிரட்டையால் சாக்கடை நீரை மொண்டு குடிப்பதைக் கண்டனர். அழைத்து வந்து குளிப்பாட்டிச் சிகிச்சை அளித்தனர். தெளிந்தபின் தெரிந்தது, அவர் ஆந்திரத்தைச் சேர்ந்த பட்டதாரி, ஆய்வக நுட்பம் பயின்றவர் என்று. அந்த நிகழ்வே 1988இல் ‘ஷ்ரத்தா’ என்னும் மறுவாழ்வு அமைப்பாக உருவெடுத்தது. வீதிகளிலிருந்து மீட்கப்பட்ட பல்லாயிரவர் அதன்வழியே தம் ஊர் திரும்பினர். 2018இல் வாட்வானிக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள், மனநோயுற்று வீதியில் அலைந்த ஒரு பெண்ணுக்கு இடம் தேடி அலைந்தனர். கதவுகள் எளிதில் திறக்கவில்லை. எனவே 1993இல் தாங்களே ‘தி பேனியன்’ அமைப்பைத் தொடங்கினர். வீதியில் இருக்கும் பெண்ணுக்கு நோயைவிடப் பெரிய ஆபத்து இரவு. அவர்களுக்கென எழுந்த இல்லத்துக்குச் சூட்டப்பட்ட பெயர் ‘அடைக்கலம்’. இவ்விரு முயற்சிகளும் அரசாணையாலோ பெருஞ்செல்வத்தாலோ தொடங்கியவை அல்ல. கடந்து செல்லாமல் நின்றவர்களால் தொடங்கியவை.

தீர்த்தமும் மருந்தும்

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே, காவிரியின் வடகரையில் குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். மனநலம் குன்றியோரை அழைத்து வந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள், தங்கவைத்து வழிபடுவது இத்தலத்தின் மரபு. உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் பூஜை முடிந்து அவர்கள் முகத்தில் தீர்த்தம் தெளிக்கப்படும். அதே இடத்தில் அரசு அனுமதி பெற்ற மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. மனநல மருத்துவரின் கண்காணிப்பும் அவர்களுக்குக் கிடைக்கிறது. பெருமாளின் தீர்த்தமும் மருத்துவரின் மாத்திரையும் ஒன்றையொன்று விலக்கவில்லை.

இதன் அவசியத்தை உணர்த்தியது 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நேர்ந்த கொடுமை. தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை அதிகாலையில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். நம்பிக்கையோடு அழைத்து வரப்பட்டவர்களைக் கட்டிப்போட்டு, மருத்துவமும் தராமல் விட்டால் விளைவது என்ன என்பதை நாடே கண்டது.

கோயில் சூழல் நோயாளிக்கு நன்மை செய்யாதா என்ற கேள்வி எழலாம். செய்யும். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை மனநல மருத்துவர் ரகுராம் தலைமையிலான குழு ஆராய்ந்து, 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டது. சராசரியாக ஆறு வாரம் தங்கிய அவர்களது நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அங்கே சிறப்புச் சடங்குகள் ஏதும் செய்யப்படவில்லை. காலைப் பூஜையில் கலந்துகொண்டு, பிரகாரம் பெருக்குவது, செடிகளுக்கு நீர் ஊற்றுவது போன்ற சிறு பணிகளில் அவர்கள் ஈடுபட்டனர். அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே பயனளித்தது என்பது ஆய்வாளர்களின் கருத்து. அத்தகைய சூழலைத் தர ஒவ்வொரு கோயிலாலும், ஒவ்வொரு பக்தராலும் இயலும்.

நாம் செய்யக்கூடியவை

வாரந்தோறும் ஒரே கோயிலுக்கு வருபவருக்கு, வழிப்போக்கருக்கு இல்லாத ஒரு வாய்ப்பு உண்டு. அவர் அதே மனிதரை மீண்டும் மீண்டும் காண்கிறார். எனவே முதல் தொண்டு, பழக்கம் ஏற்படுத்துவது. ஒரு கை நீள இடைவெளி விட்டு, அவர் கண்மட்டத்துக்கு அமர்ந்து, மெல்லிய குரலில் பெயரைக் கேட்கலாம். பதில் வராவிடினும் பாதகமில்லை. உணவைக் கையில் கொடுங்கள். வாங்காவிட்டால் அருகில் வைத்து, அடுத்த வாரமும் அதே நேரத்தில் வாருங்கள். அவர் உதிர்க்கும் ஓர் ஊர்ப்பெயரோ, வேற்றுமொழிச் சொல்லோ, வீட்டுக்கு வழிகாட்டக்கூடும். குறித்துக்கொள்ளுங்கள்.

அவரைப் பிடித்து இழுப்பது, வலிந்து முடி மழிப்பது, கேலி செய்வது, கைபேசியில் படமெடுத்துப் பரப்புவது ஆகியவை கூடா. அவர் சினமுற்றால் வாதாடாமல் விலகிவிடுவதே நலம்.

அடுத்தது சிகிச்சைக்கு வழிசெய்வது. 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி இரவும் பகலும் கிடைக்கிறது; தமிழிலேயே பேசலாம். உடற்காயமோ மயக்கமோ இருந்தால் 108ஐ அழைக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி, மனநோயுற்றுத் தம்மைக் காத்துக்கொள்ள இயலாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது அப்பகுதிக் காவல் நிலையப் பொறுப்பாளரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவராயின், காணாமற்போனவர் என வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். எந்த வடிவிலும் சங்கிலியிடுவதையும் அச்சட்டம் தடை செய்கிறது. இதைத் தனியொருவராகச் சொல்லத் தயங்குவோர், கோயில் நிர்வாகத்தாரையோ உழவாரப் பணிக் குழுவினரையோ உடன் அழைத்துச் செல்லலாம்.

மூன்றாவது தொண்டு, நம் வீதியிலும் நம் வீட்டிலும் தொடங்குகிறது. சற்றுத் தெளிந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதால் நோய் திரும்பி, மீண்டும் வீதிக்கு வருவோர் உண்டு. ஊர் பேசும் என்று அஞ்சி நோயுற்ற பிள்ளையை அறைக்குள் பூட்டி வைக்கும் குடும்பங்களும் உண்டு. அந்த வீட்டுக் கதவைத் தட்டி, “வாங்க, கோயிலுக்குப் போய் வரலாம்” என்று அழைக்கும் அயலார் ஒருவர், அக்குடும்பத்தின் பாரத்தில் பாதியைக் குறைக்கிறார். மருந்தால் தேறியவருக்குப் பூத்தொடுக்கவோ, அன்னதானக் கூடத்தில் இலை போடவோ ஒரு பணி தந்தால், தாமும் வேண்டப்பட்டவர் என்ற எண்ணம் அவருக்குத் திரும்பும்.

வரும் வெள்ளிக்கிழமை தரிசனம் முடிந்து வெளியே வருகையில், தூணருகே அவர் இருப்பார். பிரசாதப் பொட்டலத்தோடு அவர் அருகில் அமர்ந்து கேட்போம்: “ஐயா, உங்க பேர் என்ன?” நெடுங்காலமாக எவரும் அவரைக் கேளாத கேள்வியாக அது இருக்கக்கூடும்.