37 வருஷம் காத்திருந்த பாட்டு

உங்களுக்கு உயிரான ஒரு பாட்டை, அதைப் பாடிய குழுவே மேடையில் பாடாமல் இருந்தால் எத்தனை வருஷம் காத்திருப்பீங்க?

இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் இசைக்குழுவான அயர்ன் மெய்டனோட ரசிகர்களைக் கேளுங்க! கச்சேரிக்கு முன்னாடி, எந்தப் பாட்டு முதலில் வரணும், எது கடைசியில் வரணும்னு ஆசைப் பட்டியல் போடுறது ஹெவி மெட்டல் ரசிகர்களுக்கு ரொம்பப் பிரியமான வேலை. அந்தப் பட்டியல்களில் விடாமல் இடம்பிடிச்ச பாட்டு, ‘அலெக்சாண்டர் தி கிரேட்’. 1986-இல் வந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. காற்று வீசுற ஓசையோடு தொடங்கி, மாவீரன் அலெக்சாண்டரின் வாழ்க்கையையே எட்டு நிமிஷத்துக்கும் மேலாகச் சொல்லும். அந்த ஆல்பத்துக்காகவே நடந்த சுற்றுப்பயணத்தில்கூட அதை வாசிக்கலை.

அன்னைக்குப் பள்ளிக்கூடம் போன பையன்களுக்குத் தலை நரைச்சது. ஆசை மட்டும் நரைக்கவே இல்லை.

2023 மே மாதம், ஸ்லோவேனியாவின் லுப்லியானா நகரம். கச்சேரி பாதி தாண்டியிருந்தது. அப்போ வந்தது, அந்தப் பாட்டு. முதல்முறையா, மேடையில்!

அந்த ராத்திரி அங்கே நின்னு கேட்டவங்க மேல எனக்குக் கொஞ்சம் பொறாமைதாங்க!