படியெடுத்தலும் சுட்டுதலும்

இணையதளம் ஒன்றின் பக்கங்களை வரிசையாகத் திறந்து பார்த்தால், அவற்றுள் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். மேலே நிறுவனத்தின் பெயரும் சின்னமும், கீழே முகவரியும் தொலைபேசி எண்ணும், இடையே ஒரே அமைப்பிலான அறிவிப்புப் பெட்டிகளும் பக்கந்தோறும் தொடர்கின்றன. இத்தகைய பகுதியை ஒருமுறை மட்டும் செய்து, பெயரிட்டுச் சேமித்து, வேண்டிய இடங்களிலெல்லாம் வைத்துக்கொள்ளும்போது அது காம்போனன்ட், அதாவது கூறு, எனப்படுகிறது. நிரல் எழுதத் தெரியாதவரும் எழுத்து, படம், பொத்தான் முதலியவற்றை மவுஸால் இழுத்து வைத்துப் பக்கம் அமைக்க உதவும் பேஜ் பில்டர் மென்பொருள்களில் இவ்வசதி ஏதேனும் ஒரு பெயரில் இருக்கிறது. இது பொதுவாக உழைப்பை மிச்சப்படுத்தும் வசதியாகவே அறிமுகம் செய்யப்படுகிறது. உழைப்பு மட்டுமே கருத்தென்றால் நகலெடுத்து ஒட்டுவதே போதும். கூறு அந்த நகலினின்று எவ்விடத்தில் வேறுபடுகிறது என்பதை அறிந்தாலன்றி அதனைச் சரியாகக் கையாள இயலாது.

ஒரு பகுதியை இரண்டாம் இடத்தில் வைப்பதற்கு அடிப்படையில் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது படியெடுத்தல். ரப்பர் முத்திரையால் குத்திய பதிவைப் போல, படியெடுத்த பகுதி அந்தந்தப் பக்கத்தின் சொந்த உடைமையாகிவிடுகிறது. பின்னர் முத்திரையை மாற்றிச் செதுக்கினாலும் முன்பு குத்திய பதிவுகள் மாறுவதில்லை. இரண்டாவது சுட்டுதல். இம்முறையில் பக்கத்தினுள் அப்பகுதி இருப்பதே இல்லை. இன்ன எண்ணுடைய பகுதியை இவ்விடத்தில் இடுக என்னும் குறிப்பு மட்டுமே இருக்கும். பார்வையாளர் பக்கத்தைக் கேட்கும்போது, சர்வர் அக்குறிப்பைப் படித்து, ஓரிடத்தில் மட்டும் சேமித்துள்ள மூலத்தை எடுத்து அங்கே நிரப்பி அனுப்புகிறது. 60 பக்கங்களைக் கொண்ட ஒரு கல்லூரியின் தளத்தில் அலுவலகத் தொலைபேசி எண் மாறினால், படியெடுத்து அமைத்த தளத்தில் 60 திருத்தங்கள் தேவைப்படும். அவற்றுள் இரண்டு விடுபட்டாலும் தளம் தனக்குத் தானே முரண்பட்டு நிற்கும். சுட்டி அமைத்த தளத்திலோ திருத்தம் ஒன்றே.

இவ்வேறுபாடு இணையத்தைவிட வயதில் மூத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து 1963-இல் முனைவர் பட்ட ஆய்வாக அளித்த ஸ்கெட்ச்பேட் என்னும் வரைமென்பொருளில், ஓர் உருவத்தை மூலமாக வரைந்து அதன் தோற்றங்களைப் பல இடங்களில் வைக்கவும், மூலத்தைத் திருத்துவதன் மூலம் அத்தோற்றங்கள் அனைத்தையும் ஒருசேரத் திருத்தவும் முடிந்தது. வலைப்பக்கங்களை எழுதும் எச்.டி.எம்.எல். மொழியிலோ, வேறொரு கோப்பிலுள்ள துண்டை இழுத்துவந்து பக்கத்தோடு ஒன்றாக்கும் எளிய கட்டளை இல்லை. அக்குறையை, ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-இல் வெளியிட்ட பி.எச்.பி. போன்ற, சர்வரில் இயங்கும் மொழிகள் நிரப்பின. நிரலறியாதோருக்கு மேக்ரோமீடியா நிறுவனத்தின் ட்ரீம்வீவர் மென்பொருள் இடைப்பட்ட ஒரு வழியைத் தந்தது: நூலகம் என்னும் அதன் சேமிப்புப் பகுதியில் உள்ள மூலம் மாறியதும் அதன் படிகள் இருந்த கோப்புகளையெல்லாம் அதுவே தேடித் திருத்தி எழுதியது, ஆனால் திருந்திய கோப்புகளை மீண்டும் சர்வரில் ஏற்றும் வேலை எஞ்சியது.

தமிழ் வாசகர்கள் இதனை நாள்தோறும் காணும் இடம் தமிழ் விக்கிப்பீடியா. அங்கே வார்ப்புரு எனப்படுவது சுட்டும் முறையில் அமைந்த கூறே. கட்டுரையின் மூல உரையில் இரட்டை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் வார்ப்புருவின் பெயர் மட்டும் இருக்க, வாசகருக்கு முழுப் பெட்டியும் தெரிகிறது. அதே பெயருக்கு முன் ஒரு கட்டளைச் சொல்லைச் சேர்த்தால், வார்ப்புருவின் உரை அக்கணமே கட்டுரையில் நிலையாகப் பதிந்து, படியெடுத்தலாக மாறிவிடும்.

பேஜ் பில்டர்களுள் இவ்விரு முறைகளும் தெளிவாகப் பெயர்பெற்ற வரலாற்றை வேர்ட்பிரஸில் காணலாம். 2018 டிசம்பரில் வெளியான அதன் 5.0 பதிப்பு, பக்கத்தைப் பத்தி, தலைப்பு, படம் எனத் தனித்தனி பிளாக்குகளால் கட்டும் எடிட்டரைக் கொண்டுவந்தது. மறுபடி பயன்படுத்தத்தக்க பிளாக் என்ற பெயரில் சுட்டும் வகையும் அதில் இருந்தது. 2020-இல் வந்த 5.5 பதிப்பு, பேட்டர்ன் என்ற பெயரில் படியெடுக்கும் வகையைச் சேர்த்தது. 2023 ஆகஸ்டில் வந்த 6.3 பதிப்பு இரண்டையும் பேட்டர்ன் என்ற ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவந்து, மூலத்தோடு ஒத்திசைவது, ஒத்திசையாதது என வகைப்படுத்தியது. பேட்டர்ன் ஒன்றைச் சேமிப்பவர் அதற்குப் பெயரிடும்போது, ஒத்திசைவு வேண்டுமா என்பதையும் அங்கேயே முடிவு செய்கிறார். எடிட்டரில் ஒத்திசைபவை ஊதா நிறத்தால் வேறுபடுத்திக் காட்டப்படுகின்றன. அந்நிறம், இங்கே செய்யும் திருத்தம் இப்பக்கத்தோடு நிற்காது என்பதற்கான அடையாளம்.

சுட்டும் முறை மிக இறுக்கமானது என்பதும் விரைவில் புலனாகும். ஆசிரியர் அறிமுகப் பெட்டி ஒன்றில் படத்தின் அளவும் வரிகளின் ஒழுங்கும் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பெயரும் படமுமோ பெட்டிக்குப் பெட்டி வேறுபட வேண்டும். முழுவதையும் ஒத்திசைத்தால் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே ஆசிரியர் தோன்றுவார். படியெடுத்தால் வடிவத்தைப் பின்னர் ஒருசேர மாற்ற இயலாது. 2024 ஜூலையில் வந்த வேர்ட்பிரஸ் 6.6, ஒத்திசையும் பேட்டர்னுக்குள் தலைப்பு, பத்தி, பொத்தான், படம் ஆகியவற்றுள் குறிப்பிட்டவற்றின் உள்ளடக்கத்தை மட்டும் இடத்துக்கு இடம் மாற்ற அனுமதித்து இச்சிக்கலை அவிழ்த்தது. வெப்ஃப்ளோ என்னும் மற்றொரு பேஜ் பில்டரில் கூறுக்குத் திறந்துவிடப்படும் இத்தகைய இடங்கள் பண்புகள் எனப்படுகின்றன. இவற்றையும் அளவோடு திறப்பதே நலம்; ஒவ்வொரு பக்கத்தின் தேவைக்காகவும் ஒரு பண்பைச் சேர்த்துக்கொண்டே போனால், இறுதியில் கூறு என்ற பெயர் மட்டும் மிஞ்சி, ஒவ்வொரு பெட்டியும் தனி வழியில் செல்லும்.

ஓரிடத்தில் திருத்தினால் எங்கும் திருந்தும் என்பதன் மறுபக்கம், ஓரிடத்தில் பிழை நேர்ந்தால் எங்கும் பிழை நேரும் என்பதாகும். ஒரு பக்கத்துக்குத் தேவையில்லை என நினைத்து அறிவிப்பின் ஒரு வரியை நீக்குபவர், அறியாமலே அதனை எல்லாப் பக்கங்களிலிருந்தும் நீக்கிவிடலாம். அந்தப் பக்கத்தில் மட்டும் இணைப்பைத் துண்டித்து, அதனைச் சாதாரணப் பிளாக்குகளாக்கிய பிறகு திருத்துவதே அங்கு முறை. மூலத்தையே அழித்துவிட்டால், அதனைச் சுட்டிய பக்கங்களில் வெற்றிடமே எஞ்சும். விக்கிப்பீடியாவில் மிகுதியாகப் பயன்படும் வார்ப்புருக்களை எல்லோரும் திருத்த முடியாதபடி பூட்டி வைக்கும் வழக்கம் இக்காரணத்தாலேயே ஏற்பட்டது. சிறு அலுவலகத் தளத்திலும், மூலத்தைத் தொடும் உரிமை யாருக்கு என்பதை முன்கூட்டியே வரையறுப்பது தேவையாகிறது.

கூறு எந்த மொழியைத் தாங்கப்போகிறது என்பதும் அதனை அமைக்கும்போதே எண்ண வேண்டியது. ஆங்கிலத்தில் நான்கைந்து எழுத்துகளில் முடியும் சொல்லை அளவாகக் கொண்டு அகலம் குறித்த பொத்தானில் விண்ணப்பிக்கவும், பதிவிறக்குக போன்ற தமிழ்ச் சொற்கள் அடங்காமல் உடையும். தமிழில் எழுத்துக்கு மேலும் கீழும் நீளும் குறிகளுக்கு வரியிடைவெளியும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். இருமொழித் தளத்தில், உள்ளிருக்கும் சொல்லுக்கேற்ப விரியும்படி பொத்தானின் மூலத்தை அமைத்துவிட்டால், இரு மொழிப் பக்கங்களும் ஒருசேரச் சீர்படும்.

இனி எஞ்சுவது, எதனைக் கூறாக்குவது என்ற தேர்வு. தோற்ற ஒற்றுமையை மட்டும் வைத்து இதனை முடிவு செய்வதே பரவலான தவறு. தேர்வு அறிவிப்பும் விடுதி அறிவிப்பும் ஒரே நிறப் பெட்டியில் இருக்கலாம்; ஆனால் ஒன்று மாறுவதற்கான காரணம் மற்றொன்றை மாற்றாது. ஆகவே அவை பகிர வேண்டியது நிறம், எழுத்தளவு முதலியவற்றை வரையறுக்கும் ஸ்டைலை மட்டுமே. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்திலும் தொடர்புப் பக்கத்தில் பெரிய எழுத்திலும் இருக்கும் தொலைபேசி எண்ணோ, பார்வைக்கு வேறுபட்டாலும் மாறும் நாளில் இரண்டிடத்திலும் சேர்ந்தே மாற வேண்டும்; அதற்கு மூலம் ஒன்றாக இருப்பதே முறை. நிரலாளரிடையே வழங்கும் மூன்றின் விதி, ஒன்று மூன்றாம் முறை தேவைப்படும்வரை அதனைப் பொதுவாக்க வேண்டாம் என அறிவுறுத்துவதும் இதனால்தான். எவை உடன் மாறுகின்றன, எவை தனித்து மாறுகின்றன என்பது அதற்குள் ஓரளவு வெளிப்பட்டுவிடும். ஒத்திசைவு வேண்டுமா என்று மென்பொருள் கேட்கும்போது, இவை நாளை சேர்ந்து மாறுமா என்று தன்னையே கேட்டுக்கொள்பவருக்கு விடையும் அங்கேயே கிடைத்துவிடும்.