சர்க்கரையின் வேலையை இஞ்சிக்குக் கொடுங்கள்

"அண்ணே, சர்க்கரை கம்மியா, ஐஸ் வேண்டாம்." ஜூஸ் கடை வாசலில் இப்படிச் சொல்லாதவர்கள் இன்று குறைவு. கடைக்காரரும் தலையாட்டுவார், ஆனாலும் ஒரு கரண்டி பாகு விழத்தான் செய்யும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சாத்துக்குடி ஒரு நாள் புளிக்கும், அன்னாசி ஒரு நாள் அரைப்பழமாக வரும். எல்லா டம்ளரும் ஒரே ருசியில் இருக்க அவர் கையில் இருப்பது சர்க்கரைதான்.

வீட்டில் ஸ்மூத்தி அடிப்பவர்கள் இதிலிருந்து தப்பிவிட்டதாக நினைக்கிறோம். இரண்டு வாழைப்பழம், ஒரு மாம்பழம், நாலு பேரீச்சம்பழம், கடைசியில் 'உடம்புக்கு நல்லது' என்று ஒரு கரண்டி தேன். கீரை என்று பேருக்கு நாலு இலை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சர்க்கரை பற்றிய வழிகாட்டுதலை வெளியிட்டபோது, தேனையும் பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் குறைக்க வேண்டியவற்றின் கணக்கிலேயே சேர்த்தது. நாளொன்றுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அந்தக் கணக்கின் உச்சவரம்பு 50 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் இன்னும் நல்லது.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியைப் பாருங்கள். அதே 2,000 கலோரி உணவுக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறது. காய் நாலு பங்கு, பழம் ஒரு பங்கு. நம் மிக்ஸி ஜாரில் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

காயைக் கூட்டி, பழத்தைக் குறைத்தால் யார் குடிப்பது? இந்தக் கேள்விக்கு விடை நீர்மோரில் இருக்கிறது. அதில் ஒரு சிட்டிகை சர்க்கரைகூடக் கிடையாது. இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம், உப்பு, அவ்வளவுதான். கோடையில் சொம்பு சொம்பாகக் குடிக்கிறோம். இனிப்பு இல்லையே என்று யாரும் கேட்டதில்லை. பானத்தில் மசாலா சேர்ந்தால் நாக்கு இனிப்பைத் தேடாது. ஸ்மூத்தியிலும் மசாலாவுக்கு அந்த வேலையைத்தான் கொடுக்க வேண்டும்.

மணம் செய்யும் மாயம்

உறைப்பு, புளிப்பு, உப்பு, மணம் நான்கும் சேர்ந்துதான் ருசி நிறைகிறது. ஒரு சிட்டிகை உப்பு காயின் கசப்பை அடக்கும். எலுமிச்சை, பழத்தின் வாசனையைத் தூக்கிக்காட்டும். இஞ்சியின் காரல் தொண்டையில் இறங்கும்போது பானத்துக்கு ஒரு கனம் வந்துவிடும். ஏலக்காய், பட்டை போன்று பாயசத்தோடும் பலகாரத்தோடும் பழகிய மணங்கள் மூக்கில் ஏறினால், உள்ளதைவிட இனிப்பு கூடுதலாகத் தெரியும்.

இதற்கு நேர்மாறான வேலையைச் செய்வது ஐஸ். நாக்கு குளிர்ந்தால் இனிப்பு மங்கும். ஐஸ் நிறையப் போட்டுவிட்டு 'சப்பென்று இருக்கிறது' என்று சர்க்கரை தேடுவதைவிட, காயையும் பழத்தையும் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து அடிப்பது மேல்.

பொடியைவிடப் பச்சையாகக் கிடைப்பவை இதற்குப் பொருத்தம். காய்ந்த பொடி அடியில் தங்கி, கடைசி மடக்கில் நெறுநெறுக்கும். இஞ்சி காய்ந்து சுக்கானால் அதன் காரமும் மாறிவிடுகிறது. பச்சை இஞ்சியிலுள்ள ஜிஞ்சரால் உலரும்போது ஷோகாலாக மாறி, உறைப்பு கூடுகிறது. பச்சை இஞ்சியில் இருக்கும் எலுமிச்சைச் சாயல் சுக்கில் கிடைக்காது. மாங்காய் வாசனையும் இஞ்சி உருவமுமாக இருக்கும் மாங்காய் இஞ்சியை ஊறுகாய்க்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். வெள்ளரியோடு அதற்கு அருமையான பொருத்தம். பொங்கலுக்குப் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தையும் வாட விடவேண்டாம். கிழங்கைக் கழுவித் துடைத்து, துண்டு போட்டு ஃபிரீசரில் வைத்தால் சில மாதங்கள் வரும்.

மிக்ஸிதான் சரியான கருவி

விலை கூடிய பிளெண்டர் தேவையில்லை. 1963-இல் சத்யபிரகாஷ் மாத்தூர் சுமீத் மிக்ஸியை உருவாக்கியதே நம் சமையலின் கெட்டியான அரவைக்காகத்தான். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி கொடுக்கத் தொடங்கிய பிறகு அது இல்லாத வீடு அரிது. மசாலா அரைக்கும் கருவியில் மசாலா ஸ்மூத்தி அடிப்பதில் என்ன சிரமம்? வரிசை மட்டும் முக்கியம்.

இஞ்சி, மஞ்சள், மிளகு, கடினமான காய் ஆகியவற்றை முதலில் சட்னி ஜாரில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து விழுதாக அரைக்க வேண்டும். பிறகு பெரிய ஜாருக்கு மாற்றி, பழமும் மீதித் தண்ணீரும் சேர்த்து அடிக்கலாம். புதினா, கறிவேப்பிலை கடைசியில். விட்டுவிட்டு நாலு சுற்று போதும். நீண்ட நேரம் ஓடவிட்டால் ஜார் சூடேறி, இலை வாசனை மாறும். இஞ்சியை நாருக்குக் குறுக்கே மெல்லிய வட்டமாக நறுக்கினால் நார் வாயில் தட்டாது. அடித்ததை வடிகட்ட வேண்டாம். ஜூஸைவிட ஸ்மூத்தி மேல் என்பதற்கு முதல் காரணமே நார்ச்சத்து கூடவே இருப்பதுதான்.

மஞ்சள் கறை படிந்த ஜாரையும் கேஸ்கட்டையும் கழுவி வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறமி வெளிச்சத்தில் சிதைந்துவிடும்.

மூன்று டம்ளர், மூன்று நிறம்

ஒவ்வொன்றும் இரண்டு பேருக்கு.

*மஞ்சள்:* கேரட் 150 கிராம், பப்பாளி 100 கிராம், பச்சை மஞ்சள் 5 கிராம், இஞ்சி அரை அங்குலம், மிளகு 4, கெட்டித் தேங்காய்ப்பால் 3 மேசைக்கரண்டி, அரை மூடி எலுமிச்சைச் சாறு, உப்பு ஒரு சிட்டிகை, தண்ணீர் 150 மில்லி. கேரட்டை ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து ஆறவிடுங்கள். வெந்து அரைபட்ட கேரட்டிலிருந்து பீட்டா கரோட்டின் உடம்பில் எளிதாகச் சேரும். அது கொழுப்பில் கரைவது என்பதால்தான் தேங்காய்ப்பால்.

*பச்சை:* வெள்ளரி 200 கிராம், கொய்யா ஒன்று, மாங்காய் இஞ்சி ஓர் அங்குலம், புதினா ஒரு கைப்பிடி, கறிவேப்பிலை ஒரு இணுக்கு, தயிர் 3 மேசைக்கரண்டி, உப்பு. பழநி பக்கத்து ஆயக்குடி கொய்யா கிடைத்தால் விடாதீர்கள். கொய்யாவில் வைட்டமின் சி 100 கிராமுக்குச் சுமார் 200 மில்லிகிராம் உண்டு. ஆரஞ்சு கிட்டே வராது. நடுவிலுள்ள விதைப் பகுதியை வழித்து அப்படியே தின்றுவிட்டு, சதையை மட்டும் ஜாரில் போடுங்கள்.

*சிவப்பு:* வேகவைத்த பீட்ரூட் 150 கிராம், தோலும் விதையும் நீக்கிய கமலா ஆரஞ்சு ஒன்று, இஞ்சி ஓர் அங்குலம், ஏலக்காய் ஒன்று, பட்டைத்தூள் ஒரு சிட்டிகை, ஊறவைத்த பாதாம் 6, தண்ணீர் 150 மில்லி. பலர் பீட்ரூட்டை ஒதுக்குவது அதன் மண் வாசனையால். காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். மழை விழுந்த மண்ணில் எழும் மணத்திலும் இதற்குப் பங்கு உண்டு. புளிப்பில் அது சிதையும். ஆரஞ்சு அதைத் தணிக்க, இஞ்சி மிச்சத்தை மறைத்துவிடும். மறுநாள் சிறுநீர் சிவந்திருந்தால் பதற வேண்டாம், அது பீட்ரூட் நிறம்.

மருந்து என்று நினைத்துவிடாதீர்கள்

மிளகு சேர்த்தால் மஞ்சளின் பலன் 2,000 சதவீதம் கூடும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த எண்ணின் பிறப்பிடம் பெங்களூரு. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்ந்தபோது மஞ்சளின் நிறமியான குர்குமின் உடலில் சேர்வது அந்த அளவுக்கு உயர்ந்தது. ஆனால் அவர்கள் கொடுத்த குர்குமின் 2 கிராம். பச்சை மஞ்சளில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த மஞ்சளிலேயே குர்குமின் நூற்றுக்கு 3 பங்கு அளவில்தான். நம் 5 கிராம் மஞ்சளில் 30 மில்லிகிராம் தேறினால் அதிகம். டம்ளர் மஞ்சளாகவும் மணமாகவும் இருக்கும். நோயைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மஞ்சளும் மிளகும் சேர்ந்தால் கேரட் சூப் ருசி வருகிறது, சர்க்கரை வேண்டியிருக்கவில்லை. அதுவே பெரிய லாபம்.

சேரும், சேராது

அன்னாசி, பப்பாளி, பச்சை இஞ்சி மூன்றிலும் புரதத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. பாலோடு அடித்து வைத்தால் நேரமாக ஆகக் கசப்பு ஏறும். அடித்தவுடன் குடித்துவிடுங்கள், அல்லது தேங்காய்ப்பாலுக்கு மாறுங்கள்.

கெட்டியாக வர எல்லாவற்றிலும் வாழைப்பழம் போடுவது இன்னொரு வழக்கம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் பங்கேற்று 2023-இல் வெளியான ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்களின் உடலில் ஃபிளாவனால் என்ற தாவரப் பொருள் சேர்ந்தது 84 சதவீதம் குறைந்திருந்தது. வெட்டிய வாழைப்பழத்தைக் கருக்க வைக்கும் அதே நொதியின் வேலை. திராட்சை, ஆப்பிள் போன்ற ஃபிளாவனால் உள்ள பழங்களை அடிக்கும் நாளில் வாழைப்பழத்தைத் தனியாகத் தின்னலாம்.

ஸ்மூத்தியில் சுரைக்காய் சேர்ப்பவர்கள் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். கசந்தால் முழுக் காயும் குப்பைக்கு. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இந்தியாவில் உயிரிழப்புகள் நேர்ந்தபின், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிபுணர் குழுவே அமைத்து எச்சரித்தது. வெள்ளரிக்கும் இதே சோதனை.

பட்டையிலும் கவனம் தேவை. மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா. அதில் கூமரின் என்ற வேதிப்பொருள் கூடுதல். அளவு மீறித் தொடர்ந்து சேர்ந்தால் கல்லீரலுக்கு நல்லதல்ல. தினமும் சேர்ப்பவர்கள் இலங்கையின் மெல்லிய சுருள்பட்டையைக் கேட்டு வாங்கலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பசலைக்கீரை, பீட்ரூட் ஸ்மூத்தியைத் தினப்படி பழக்கமாக்க வேண்டாம். இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டும் முன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

எவ்வளவு, எப்போது?

பிரிட்டனின் சுகாதாரத் துறை ஜூஸும் ஸ்மூத்தியும் சேர்த்து நாளுக்கு 150 மில்லி போதும் என்கிறது. காய்ச்சாறும் அந்தக் கணக்கில்தான் வரும். காய் மிகுந்த டம்ளரில் சர்க்கரை குறைவு என்றாலும், சிறிய டம்ளரே நல்லது. அதுவும் இட்லிக்கோ முட்டைக்கோ துணையாக, அவற்றுக்கு மாற்றாக அல்ல. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2009 ஆய்வொன்றில், சாப்பாட்டுக்கு முன் ஆப்பிளைக் கடித்துத் தின்றவர்களுக்கு, அதையே கூழாகவோ சாறாகவோ எடுத்தவர்களைவிட வயிறு அதிகம் நிறைந்தது. மெல்லும் வேலையை மிக்ஸி செய்யலாம். மென்றதால் வரும் நிறைவை அதனால் தர முடியாது.

ஆகவே ஸ்மூத்தி அவசர காலைக்கு. காயும் பழமும் நறுக்கி, மேலே இஞ்சித் துருவலும் எலுமிச்சையும் உப்பும் தூவி, உட்கார்ந்து தின்ன நேரமிருக்கும் நாளில் மிக்ஸிக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள்.